மஜெண்டோ கடையின் அமைப்புகளைக் கட்டளை வரியில் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

அட்மின் பக்கத்தில் கடையின் முகவரி சரியாகவே தெரிகிறது. கடையைத் திறந்தால் பழைய முகவரிக்கு ஓடுகிறது. சோதனைச் சர்வரில் மின்னஞ்சலை நிறுத்திவிட்டோம் என்று நம்பி ஆர்டர் போட்டால், உண்மையான வாடிக்கையாளருக்கு அஞ்சல் போய்விடுகிறது. இணையக் கடை நடத்தும் மென்பொருளான மஜெண்டோ 2-இல் இப்படி நடக்கும்போது நிரலில் பிழை தேடுவதற்கு முன் அமைப்புகளைப் பாருங்கள். ஒரே அமைப்புக்கு மூன்று மட்டங்களில் மூன்று மதிப்புகள் இருக்கலாம். ஒவ்வொரு மட்டத்திலும் அந்த மதிப்பு ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். அட்மின் பக்கம் இதில் ஒரு பகுதியைத்தான் காட்டும். கட்டளை வரியில், அதாவது டெர்மினலில் கட்டளைகளைத் தட்டி, முழுவதையும் பார்க்கலாம், எந்தக் கருவி எதைப் பார்க்கிறது என்று தெரிந்திருந்தால்.

இங்கே இரண்டு கருவிகளைப் பயன்படுத்தப் போகிறோம். ஒன்று, மஜெண்டோவுடனேயே வரும் பின்/மஜெண்டோ. மற்றொன்று, தனியாக இறக்கிக்கொள்ளும் என்98-மேஜ்ரன்2. இலவசப் பதிப்பான மஜெண்டோ ஓப்பன் சோர்ஸ், கட்டணப் பதிப்பான அடோபி காமர்ஸ் இரண்டுக்கும் இந்த முறைகள் பொருந்தும்.

எழுத்து முறையைப் பற்றி ஒரு குறிப்பு. கட்டளைகளை அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். முக்காற்புள்ளி, சாய்கோடு, அடிக்கோடு, இடைக்கோடு ஆகியவை இங்கே எப்படி இருக்கின்றனவோ அப்படியே வர வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்கிறோம்.

தொடங்கும் முன்

சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, மஜெண்டோவின் மூலக் கோப்புறைக்குச் செல்லுங்கள். ஆப், பின், பப், வேர், வெண்டார் என்ற கோப்புறைகள் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். அங்கே இதைத் தட்டுங்கள்:

பின்/மஜெண்டோ --வெர்ஷன்

பதிப்பு எண் வந்தால் எல்லாம் தயார். "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று வந்தால் தவறான கோப்புறையில் நிற்கிறீர்கள். "அனுமதி இல்லை" என்று வந்தால் முன்னால் பிஎச்பி என்று சேர்த்து, பிஎச்பி பின்/மஜெண்டோ என்று ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பின்/மஜெண்டோ கோப்புக்கு இயக்கும் அனுமதி இல்லாததுதான் காரணமாக இருக்கும். பிஎச்பி பதிப்பு பொருந்தவில்லை என்ற பிழையும் அடிக்கடி வரும். வலைப்பக்கத்தை ஓட்டும் பிஎச்பி ஒரு பதிப்பாகவும், டெர்மினலில் வரும் பிஎச்பி வேறு பதிப்பாகவும் இருப்பதே அதற்குக் காரணம். மஜெண்டோ 2.4.6-க்கு பிஎச்பி 8.1 அல்லது 8.2 வேண்டும்; 2.4.7-க்கு 8.2 அல்லது 8.3. ஒரே சர்வரில் பல பதிப்புகள் இருந்தால் பிஎச்பி8.2 பின்/மஜெண்டோ என்று எண்ணோடு சேர்த்து அழைக்கலாம்.

எந்தப் பயனராக ஓட்டுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மஜெண்டோ கோப்புகள் யாருடைய பெயரில் இருக்கின்றனவோ அந்தப் பயனராகவே ஓட்டுங்கள்; எல்லா அதிகாரமும் கொண்ட ரூட்டாக வேண்டாம். வெறுமனே "பார்க்கும்" கட்டளைதானே என்று தோன்றும். ஆனால் பார்க்கும் கட்டளைகூட ஓடும்போது வேர், ஜெனரேட்டட் கோப்புறைகளில் கேஷ் கோப்புகளையும் (வேகத்துக்காக எடுத்து வைக்கும் நகல்கள்) வகுப்புக் கோப்புகளையும் உருவாக்கக்கூடும். அவை ரூட்டின் பெயரில் உருவானால், வலைச் சர்வரால் அவற்றைத் திருத்த முடியாது. சற்று நேரத்தில் கடை பிழைப் பக்கத்தைக் காட்டும். ரூட்டாகத்தான் நுழைய முடிகிறது என்றால், சூடோ -யு என்று தட்டி, உரிமையாளர் பெயரைச் சேர்த்து, அதன் பின் கட்டளையைத் தாருங்கள்.

முதல் கேள்வி: அமைப்பின் பாதை என்ன?

ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று துண்டுகள் கொண்ட ஒரு பாதை உண்டு: பிரிவு, குழு, புலம். கடையின் அடிப்படை முகவரிக்கு இது:

வெப்/அன்செக்யூர்/பேஸ்_யூஆர்எல்

எச்டிடிபிஎஸ் முகவரிக்கு நடுவில் அன்செக்யூருக்குப் பதில் செக்யூர். நேர மண்டலம் ஜெனரல்/லோக்கேல்/டைம்ஸோன். அடிப்படை நாணயம் கரன்சி/ஆப்ஷன்ஸ்/பேஸ். தேடல் எந்திரம் கேட்டலாக்/சர்ச்/எஞ்சின்.

பாதை தெரியாதபோது எளிதான வழி பிரவுசரிலேயே இருக்கிறது. அட்மினில் அந்த அமைப்பு இருக்கும் பக்கத்தைத் திறந்து, பெட்டியின் மேல் வலச்சொடுக்கிட்டு, இன்ஸ்பெக்ட் கொடுங்கள். முகவரிப் பட்டையில் செக்‌ஷன் என்ற சொல்லுக்குப் பின் வருவதே பிரிவு. பெட்டியின் ஐடியைப் பார்த்தால் மூன்று துண்டுகளும் அடிக்கோட்டால் இணைந்திருக்கும். அதை மட்டும் நம்பிப் பிரிக்காதீர்கள்: பேஸ்_யூஆர்எல் என்பதிலேயே ஓர் அடிக்கோடு இருப்பதால் எங்கே வெட்டுவது என்று ஐடியிலிருந்து தெரியாது. அதே பெட்டியின் நேம் பண்பில் குரூப்ஸ், ஃபீல்ட்ஸ் என்று தனித்தனிச் சதுர அடைப்புக்குள் குழுவும் புலமும் பிரிந்தே இருக்கும். அதைப் பார்த்து எழுதுவதுதான் பாதுகாப்பு.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. சில நீட்சிகள் (மஜெண்டோவின் தனித்தனி நிரல் பகுதிகள்) திரையில் ஓர் இடத்தில் பெட்டியைக் காட்டிவிட்டு, மதிப்பை வேறு பாதையில் சேமிக்கும். பேபால் அமைப்புகள் இதற்கு நல்ல உதாரணம். திரையில் அவை நாட்டுக்கு ஒரு பிரிவாகத் தெரியும். சேமிக்கப்படுவதோ பேமெண்ட்/ அல்லது பேபால்/ என்று தொடங்கும் பாதையில். அந்த நீட்சியின் ஈடிசி/அட்மின்எச்டிஎம்எல்/சிஸ்டம்.எக்ஸ்எம்எல் கோப்பில் கான்ஃபிக்_பாத் என்ற குறிச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் உள்ளதே உண்மையான பாதை.

இரண்டாவது கேள்வி: எந்த மட்டம்?

மஜெண்டோவில் அமைப்புகளுக்கு மூன்று ஸ்கோப்கள், அதாவது மட்டங்கள் உண்டு: டெஃபால்ட், வெப்சைட், ஸ்டோர் வியூ (வாடிக்கையாளர் பார்க்கும் கடைமுகம், எடுத்துக்காட்டாக ஒரு மொழிக்கானது). வெப்சைட்டுக்கும் ஸ்டோர் வியூவுக்கும் நடுவில் ஸ்டோர் என்று ஒன்று அட்மினில் தெரியும். அதற்கு அமைப்புகளில் பங்கே இல்லை. ஸ்டோர் வியூவில் மதிப்பு இருந்தால் அது செல்லும். இல்லையென்றால் வெப்சைட்டில் இருப்பது, அதுவும் இல்லையென்றால் டெஃபால்ட்டில் இருப்பது.

உங்கள் கடையில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பட்டியலாக எடுங்கள்:

பின்/மஜெண்டோ ஸ்டோர்:வெப்சைட்:லிஸ்ட்
பின்/மஜெண்டோ ஸ்டோர்:லிஸ்ட்

இரண்டும் அட்டவணையாக வரும். அவற்றில் ஐடி என்ற எண்ணையும் கோட் என்ற குறிப்பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாவற்றிலும் இவை தேவை: சில கருவிகள் ஐடியைக் கேட்கும், சில கோடைக் கேட்கும். ஐடி 0 கொண்ட அட்மின் என்ற வரிசை எப்போதும் இருக்கும். அது அட்மின் பகுதிக்கானது.

புதிதாக நிறுவிய கடையில் வெப்சைட்டின் கோட் பேஸ், ஸ்டோர் வியூவின் கோட் டெஃபால்ட். இந்த இரண்டாவது பெயர்தான் பலரைக் குழப்புகிறது. டெஃபால்ட் என்ற ஸ்கோப் வேறு. டெஃபால்ட் என்ற கோட் கொண்ட ஸ்டோர் வியூ வேறு. முன்னது எல்லாக் கடைகளுக்கும் பொதுவான அடித்தளம், பின்னது ஒரே ஒரு ஸ்டோர் வியூ.

பின்/மஜெண்டோவில் பார்ப்பது

2.2 பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது:

பின்/மஜெண்டோ கான்ஃபிக்:ஷோ வெப்/அன்செக்யூர்/பேஸ்_யூஆர்எல்

ஸ்கோப் எதுவும் சொல்லாததால் இது டெஃபால்ட் மதிப்பைக் காட்டும். பேஸ் என்ற வெப்சைட்டின் மதிப்பு வேண்டுமானால்:

பின்/மஜெண்டோ கான்ஃபிக்:ஷோ --ஸ்கோப்=வெப்சைட்ஸ் --ஸ்கோப்-கோட்=பேஸ் வெப்/அன்செக்யூர்/பேஸ்_யூஆர்எல்

ஸ்டோர் வியூவுக்கு வெப்சைட்ஸ் இருக்கும் இடத்தில் ஸ்டோர்ஸ் என்று எழுதி, அந்த வியூவின் கோடைக் கொடுங்கள். இரண்டுமே பன்மை; கடைசியில் எஸ் உண்டு. இங்கே கேட்கப்படுவது கோட்; ஐடி எண்ணைத் தராதீர்கள்.

பாதையே தராமல் ஓட்டினால் அந்த ஸ்கோப்பில் உள்ள அனைத்தும் "பாதை - மதிப்பு" என்ற வடிவில் வரிவரியாக வரும். பட்டியல் நீளமானது. ஒரு பிரிவு மட்டும் வேண்டுமென்றால் செங்குத்துக் கோடு போட்டு, வரிகளை வடிகட்டும் க்ரெப்புக்கு அனுப்புங்கள்:

பின்/மஜெண்டோ கான்ஃபிக்:ஷோ | க்ரெப் '^வெப்/'

பிரிவையோ குழுவையோ மட்டும் பாதையாகத் தருவதைவிட இந்த வழி மேல். அரைகுறைப் பாதையை எல்லாப் பதிப்புகளும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. க்ரெப் எல்லாவற்றிலும் வேலை செய்யும்.

இந்தக் கட்டளையின் விடையைப் படிப்பதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவதும் பெரியதும் இது: கான்ஃபிக்:ஷோ நீங்கள் கேட்ட மட்டத்தை மட்டும் பார்க்கும், மேலே ஏறிப் போய்த் தேடாது. ஸ்டோர் வியூவில் தனி மதிப்பு இல்லையென்றால், வெப்சைட்டில் இருப்பதை எடுத்துத் தராது. பதிப்பைப் பொறுத்து "அப்படி ஓர் அமைப்பு இல்லை" என்ற செய்தியோ வெற்று வரியோ வரும். அதைப் பார்த்து அமைப்பே காணாமல் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. "இந்த மட்டத்தில் தனியாக எதுவும் சொல்லப்படவில்லை" என்பதுதான் அதன் பொருள். எனவே ஒரே பாதைக்கு எப்போதும் மூன்று முறை கேளுங்கள்: ஸ்டோர் வியூ, வெப்சைட், டெஃபால்ட் என்ற வரிசையில். முதலில் மதிப்பு எங்கே கிடைக்கிறதோ, கடை பயன்படுத்துவது அதைத்தான்.

இரண்டாவது, 0. "வேண்டாம்" என்று அணைக்கப்பட்ட அமைப்பின் மதிப்பு 0. சில பதிப்புகள் 0-ஐயும் காலி மதிப்பையும் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆம், இல்லை வகை அமைப்பில் ஐயம் வந்தால் கீழே சொல்லும் தரவுத்தள வழியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, நட்சத்திரங்கள். கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்ற மறைகுறியாக்கிய மதிப்புகள் ஆறு நட்சத்திரக் குறிகளாகவே வரும். மதிப்பு இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். சரியான மதிப்பா என்பதைச் சொல்லாது.

மேஜ்ரன்2: எல்லா மட்டங்களும் ஒரே பார்வையில்

மூன்று முறை கேட்பது சலிப்பூட்டும். பத்து ஸ்டோர் வியூ இருக்கும் கடையில் அது நடக்கவும் நடக்காது. அங்கேதான் மேஜ்ரன்2 கைகொடுக்கிறது. இது ஒரே ஒரு ஃபார் கோப்பு, அதாவது முழு பிஎச்பி நிரலையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு. மஜெண்டோவுக்குள் எதையும் நிறுவத் தேவையில்லை. ஃபைல்ஸ்.மேஜ்ரன்.நெட் தளத்திலிருந்து என்98-மேஜ்ரன்2.ஃபார் கோப்பை இறக்கி, இயக்கும் அனுமதி கொடுத்து, டெர்மினல் கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளில் ஒன்றில் வைத்தால் போதும். நேரடி விற்பனை நடக்கும் சர்வரில் வைப்பதற்கு முன், இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புக் குறியீட்டைத் தளத்தில் தரப்பட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல்லையே படிக்கப்போகும் கருவி அது.

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் 'வெப்/*/பேஸ்_யூஆர்எல்'

பாதை, ஸ்கோப், ஸ்கோப் ஐடி, மதிப்பு என்ற நெடுவரிசைகளோடு ஓர் அட்டவணை வரும். எந்த மட்டத்தில் யார் எதை மாற்றி வைத்திருந்தாலும் ஒரே திரையில் தெரிந்துவிடும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும். அதனால் பாதையின் ஒரு துண்டு மட்டும் நினைவில் இருந்தாலும் தேடலாம். ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷெல் (டெர்மினலில் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) அந்த நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களோடு பொருத்தப் பார்க்கும். விடை தவறாக வரலாம், அல்லது வராமலே போகலாம்.

ஒரு மட்டத்துக்கு மட்டும் குறுக்க --ஸ்கோப், --ஸ்கோப்-ஐடி என்ற தேர்வுகள் உண்டு. பின்/மஜெண்டோ கோடைக் கேட்டது. இது ஐடி எண்ணைக் கேட்கிறது. முதலில் குறித்து வைத்த தாள் இதற்குத்தான். --ஃபார்மேட்=சிஎஸ்வி அல்லது --ஃபார்மேட்=ஜேசான் என்று தந்தால் வேறு நிரல்களுக்கு ஊட்டும் வடிவில் கிடைக்கும்.

--டீக்ரிப்ட் என்ற தேர்வு மறைகுறியாக்கிய மதிப்பைத் திறந்து காட்டும். பணம் செலுத்தும் சேவையின் சாவி சரிதானா என்று பார்க்க இது தேவைப்படும் நேரங்கள் உண்டு. திரையைப் பகிர்ந்துகொண்டிருக்கும்போதோ, விடையைப் பதிவுக் கோப்பில் சேர்க்கும் தானியங்கி வேலைக்குள்ளோ இதைப் பயன்படுத்தாதீர்கள். திறந்து பார்த்தால் மதிப்பு காலியாகவோ குப்பையாகவோ வருகிறது என்றால், தரவுத்தளம் வேறொரு சர்வரிலிருந்து வந்தது, ஆனால் அந்தச் சர்வரின் ஆப்/ஈடிசி/என்வ்.பிஎச்பி கோப்பில் இருந்த, மறைகுறியாக்கத்துக்குப் பயன்படும் க்ரிப்ட் சாவி கூட வரவில்லை என்று பொருள். பழைய சாவியைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் எல்லா ரகசிய மதிப்புகளையும் புதிதாக உள்ளிட வேண்டும்.

மேஜ்ரன்2-இன் எல்லை ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கட்டளை கோர்_கான்ஃபிக்_டேட்டா என்ற தரவுத்தள அட்டவணையை மட்டுமே படிக்கிறது. அங்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்பதால் கடை அதைத்தான் பயன்படுத்துகிறது என்று ஆகாது. அடுத்த பகுதி அதைப் பற்றியது.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு ஸ்கோப்புக்குள் ஒரே பாதைக்குப் பல இடங்களில் மதிப்பு இருந்தால், மஜெண்டோ இந்த வரிசையில் முன்னுரிமை தருகிறது:

1. சூழல் மாறிகள், அதாவது சர்வர் நிரலுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகள்
2. ஆப்/ஈடிசி/என்வ்.பிஎச்பி
3. ஆப்/ஈடிசி/கான்ஃபிக்.பிஎச்பி
4. தரவுத்தளம், அதாவது கோர்_கான்ஃபிக்_டேட்டா அட்டவணை
5. ஒவ்வொரு நீட்சியின் ஈடிசி/கான்ஃபிக்.எக்ஸ்எம்எல்

அட்மினில் சேமிப்பது நான்காம் இடத்துக்குத்தான் போகிறது. மேலே உள்ள மூன்றில் ஏதாவது ஒன்றில் மதிப்பு இருந்தால், அட்மினில் அந்தப் பெட்டி சாம்பல் நிறமாகி, தொட முடியாமல் நிற்கும். "பெட்டியை மாற்ற முடியவில்லை, பயனர் அனுமதியில் சிக்கலா?" என்று தேட வேண்டியதில்லை, அது பூட்டப்பட்டிருக்கிறது. கான்ஃபிக்:செட் கட்டளையோடு --லாக்-என்வ் அல்லது --லாக்-கான்ஃபிக் கொடுத்து யாராவது பூட்டியிருக்கலாம். முன்னது என்வ்.பிஎச்பியில் எழுதும், பின்னது கான்ஃபிக்.பிஎச்பியில்.

இந்தக் கோப்புகளைத் திறந்து, சிஸ்டம் என்ற சாவியைத் தேடுங்கள். அதன் கீழே டெஃபால்ட், வெப்சைட்ஸ், ஸ்டோர்ஸ் என்று மூன்று கிளைகள் இருக்கலாம். வெப்சைட்ஸின் கீழ் பேஸ் போன்ற கோட் இருக்கும். அதற்கும் கீழே பிரிவு, குழு, புலம். தரவுத்தள அட்டவணையில் ஐடி, இந்தக் கோப்புகளில் கோட். சிஸ்டம் என்ற சாவியே இல்லையென்றால் அந்தக் கோப்பில் எதுவும் பூட்டப்படவில்லை. என்வ்.பிஎச்பியில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் க்ரிப்ட் சாவியும் வெளிப்படையாக இருக்கும் என்பதால், அதை முழுதாக நகலெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இங்கே அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. நின்று நிதானமாகப் படியுங்கள். என்வ்.பிஎச்பியில் டெஃபால்ட் ஸ்கோப்பில் முகவரியைப் பூட்டிவிட்டீர்கள். தரவுத்தளத்தில் ஒரு ஸ்டோர் வியூவுக்கு மட்டும் பழைய முகவரி ஒரு வரிசையாகக் கிடக்கிறது. எது வெல்லும்? கோப்பு தரவுத்தளத்தைவிட வலியது என்பதால் கோப்புதான் என்று தோன்றும். வெல்வதோ தரவுத்தளத்தில் கிடக்கும் பழைய முகவரி. மஜெண்டோ முதலில் ஒவ்வொரு ஸ்கோப்புக்குள்ளும் ஐந்து இடங்களையும் இணைத்து ஒரு மதிப்பை முடிவு செய்கிறது. அதன் பிறகே ஸ்டோர் வியூ, வெப்சைட், டெஃபால்ட் என்று வரிசையாகப் பார்க்கிறது. ஸ்டோர் வியூ மட்டத்தில் தரவுத்தளத்தில் ஒரு மதிப்பு இருப்பதால், டெஃபால்ட் மட்டத்தில் பூட்டியதை அது எட்டிப் பார்க்கவே இல்லை. நேரடிக் கடையின் தரவுத்தளத்தைச் சோதனைச் சர்வரில் ஏற்றிவிட்டு, டெஃபால்ட் முகவரியை மட்டும் பூட்டுகிறவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். தீர்வு, அந்த ஸ்டோர் வியூவின் கோடிலும் பூட்டுவது, அல்லது அந்த வரிசையை நீக்குவது.

சூழல் மாறிகளைப் பார்க்க:

என்வ் | க்ரெப் கான்ஃபிக்__

இங்கே கான்ஃபிக் என்பதைப் பேரெழுத்தில் எழுத வேண்டும். அதன் பின் இரண்டு அடிக்கோடு. மாறியின் பெயரில் பாதையின் துண்டுகள் சாய்கோட்டால் அல்லாமல் இரட்டை அடிக்கோட்டால் இணைந்திருக்கும். இரண்டாவது துண்டு ஸ்கோப்பின் பெயர். ஆனால் உங்கள் டெர்மினலில் இருக்கும் சூழல் மாறிகளும், வலைப்பக்கத்தை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்முக்குக் கிடைக்கும் மாறிகளும் ஒன்றல்ல. எஃப்பிஎம் தன் இயல்பான அமைப்பில் வெளியிலிருந்து வரும் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் தொடங்கும். அதன் அமைப்புகள் இருக்கும் பூல் கோப்பில் எழுதியவை மட்டுமே உள்ளே போகும். டெர்மினலில் ஒரு மதிப்பு, கடையில் வேறு மதிப்பு என்றால், எஃப்பிஎம்மின் பூல் கோப்பையும், கன்டெய்னரில் ஓடும் கடை என்றால் அதன் சூழல் கோப்பையும் பாருங்கள்.

ஐந்தாம் இடமான நீட்சியின் இயல்பு மதிப்பைக் காண, வெண்டார் கோப்புறைக்குள் உரிய நீட்சியின் ஈடிசி/கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் போதும். அட்மின் அமர்வு எத்தனை நொடி நீடிக்கும் என்பதற்கு யாரும் எதுவும் சேமிக்காதபோது 900 நொடி வருவது அப்படிப்பட்ட கோப்பிலிருந்துதான்.

தரவுத்தளத்தில் நேரடியாக

மேஜ்ரன்2-ஐ வைக்க அனுமதி இல்லாத சர்வர்களில் மைசீக்வல் கிளையண்டிலிருந்தே பார்க்கலாம். கோர்_கான்ஃபிக்_டேட்டா அட்டவணையில் ஸ்கோப், ஸ்கோப்_ஐடி, பாத், வேல்யூ ஆகிய நான்கு நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, பாத் நெடுவரிசையை லைக் கொண்டு வடிகட்டுங்கள்: வெப்/%பேஸ்_யூஆர்எல்% என்ற வடிவில். லைக்கில் அடிக்கோடும் ஏதோ ஓர் எழுத்து என்ற பொருள் தரும்; அதனால் சில நேரம் எதிர்பாராத வரிசைகளும் சேர்ந்து வரும், பயப்பட வேண்டாம். அட்டவணையே இல்லை என்று பிழை வந்தால், என்வ்.பிஎச்பியில் டேபிள்_ப்ரீஃபிக்ஸ் மதிப்பைப் பார்த்து அந்த முன்னொட்டைச் சேருங்கள்.

வேல்யூவில் நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்று வருவதும் காலியாக வருவதும் 0 வருவதும் வெவ்வேறு. இங்கேதான் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். மறைகுறியாக்கிய மதிப்புகள் 0:3: என்பது போன்ற எண்களோடு தொடங்கும்: முதல் எண் எத்தனையாவது சாவி, இரண்டாவது எண் எந்த மறையாக்க முறை.

மதிப்புகளைப் புரிந்துகொள்வது

வந்த மதிப்பைத் தவறாகப் படிப்பதும் உண்டு. சிஸ்டம்/எஸ்எம்டிபி/டிஸேபிள் என்பதன் மதிப்பு 0 என்றால் மின்னஞ்சல் போகும்; 1 என்றால்தான் போகாது. பெயரிலேயே "முடக்கு" இருப்பதால் பொருள் தலைகீழாகிறது. தொடக்கத்தில் சொன்ன அஞ்சல் விபத்து பெரும்பாலும் இங்கேதான் நிகழும். கேட்டலாக்/ப்ரைஸ்/ஸ்கோப் என்பதில் 0 வந்தால் விலை எல்லா வெப்சைட்டுக்கும் பொது. 1 வந்தால் வெப்சைட்டுக்கு வெப்சைட் மாறலாம். ஜெனரல்/கன்ட்ரி/அலவ் போன்றவற்றில் இரண்டெழுத்து நாட்டுக் குறிகள் காற்புள்ளியிட்டு நீளமாக வரும். வரிசை வரிசையாக நிரப்பும் அட்டவணை வகை அமைப்புகள் 2.2 முதல் ஜேசானாகச் சேமிக்கப்படுகின்றன. அடிப்படை முகவரியில் இரட்டைச் சுருள் அடைப்புக்குள் பேஸ்_யூஆர்எல் என்று இருந்தால் அது நிரப்பிடம். ஓடும்போது உண்மையான முகவரி அங்கே வந்து உட்காரும். முகவரியின் கடைசியில் சாய்கோடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது கட்டாயம்.

ஒரு சிக்கலை முழுவதும் பின்தொடர்வோம்

சோதனைச் சர்வரில் கடை திறக்கிறது. ஆனால் அட்மினில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் மீண்டும் மீண்டும் உள்நுழைவுப் பக்கமே வருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றத் தொடங்காதீர்கள். முதலில்:

என்98-மேஜ்ரன்2.ஃபார் கான்ஃபிக்:ஸ்டோர்:கெட் 'வெப்/குக்கி/*'

குக்கி_டொமைன் என்ற வரிசையில் நேரடிக் கடையின் டொமைன் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சோதனைச் சர்வரின் முகவரிக்குப் பொருந்தாத டொமைனோடு வரும் குக்கியைப் பிரவுசர் ஏற்காது. குக்கி இல்லாமல் அமர்வு நிலைக்காது. அட்டவணையில் எத்தனை வரிசை வருகிறது, எந்தெந்த ஸ்கோப்பில் என்று பாருங்கள். பிறகு அதே பாதையைப் பின்/மஜெண்டோ கான்ஃபிக்:ஷோவிலும் கேளுங்கள். ஒரே ஸ்கோப்பில் இரண்டு கருவிகளும் வெவ்வேறு மதிப்பைச் சொன்னால், தரவுத்தளத்தை மீறி ஏதோ ஒரு கோப்போ சூழல் மாறியோ பூட்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றாகச் சொன்னால் தரவுத்தளத்தில் திருத்தினால் போதும்.

வெப்/செக்யூர்/யூஸ்_இன்_அட்மின்எச்டிஎம்எல் மதிப்பையும் பார்த்துவிடுங்கள். சோதனைச் சர்வரில் சான்றிதழே இல்லாதபோது இது 1 என்று இருந்தால் அட்மின் வேறு வகையில் அடம்பிடிக்கும்.

மதிப்பு சரியாக இருக்கிறது, கடை மட்டும் மாறவில்லை என்றால்

கேஷ். யாராவது தரவுத்தளத்தில் நேரடியாக வரிசையைத் திருத்தியிருந்தால் மஜெண்டோவுக்கு அது தெரியாது. கேஷில் உள்ள பழைய அமைப்பையே தொடர்ந்து பயன்படுத்தும்.

பின்/மஜெண்டோ கேஷ்:க்ளீன் கான்ஃபிக் ஃபுல்_பேஜ்

இந்த இரண்டு வகைகளைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் ஃப்ளஷ் செய்வது பரபரப்பான நேரத்தில் கடையை மெதுவாக்கும். கேஷ் சேமிப்பிடத்தை வேறு நிரல்களும் பகிர்ந்துகொண்டிருந்தால் அவற்றினுடையதும் சேர்ந்து போய்விடும். அமைப்புக் கோப்பு மாறியிருக்கிறது, ஆப்:கான்ஃபிக்:இம்போர்ட் ஓட்டுங்கள் என்ற செய்தி வந்தால், யாரோ கோப்பைப் புதுப்பித்துவிட்டுத் தரவுத்தளத்தோடு ஒத்திசைக்காமல் விட்டிருக்கிறார்கள். நேரடிக் கடை என்றால் கோப்பில் என்ன மாறியது என்று பார்த்த பிறகே அதை ஓட்டுங்கள்.

கான்ஃபிக் என்ற பிரிவில் கட்டளைகளே இல்லை என்று பின்/மஜெண்டோ சொன்னால், 2.2-க்கு முந்தைய பதிப்பு, அல்லது முழுதாக நிறுவப்படாத மஜெண்டோ, அல்லது ஏதோ ஒரு நீட்சி தொடக்கத்திலேயே பிழை எறிகிறது. கடைசி நிலையில் பெயர் எதுவும் தராமல் பின்/மஜெண்டோ என்று மட்டும் ஓட்டினால் அந்தப் பிழை திரையில் வரும். நினைவகம் போதவில்லை என்றால் பிஎச்பி -டி மெமரி_லிமிட்=2ஜி பின்/மஜெண்டோ என்று தொடங்குங்கள்.

இரண்டு சர்வர்களை ஒப்பிடுவது

நேரடிக் கடையில் வேலை செய்வது சோதனைச் சர்வரில் செய்யவில்லை என்னும்போது, தனித்தனி அமைப்பாகத் துருவுவதைவிட மொத்தமாக ஒப்பிடுவது வேகம். இரண்டு சர்வரிலும் கான்ஃபிக்:ஷோவின் விடையை, வரிகளை வரிசைப்படுத்தும் ஸார்ட்டுக்கு அனுப்பி, ஒரு கோப்பில் சேமித்து, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் போட்டுப் பாருங்கள். ரகசிய மதிப்புகள் நட்சத்திரமாகவே இருப்பதால் இந்தக் கோப்புகளைக் கையாள்வது சற்றே எளிது. ஆனால் இதில் வருவது டெஃபால்ட் ஸ்கோப் மட்டும். ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் ஸ்டோர் வியூவுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லா ஸ்கோப்பும் ஒரே கோப்பில் வேண்டுமென்றால் மேஜ்ரன்2-ஐ --ஃபார்மேட்=சிஎஸ்வியோடு ஓட்டுங்கள். ஸ்கோப் ஐடிகள் இரண்டு சர்வரிலும் ஒரே கடையைத்தான் குறிக்கின்றனவா என்று ஸ்டோர்:லிஸ்டில் சரிபார்த்த பிறகே அந்த ஒப்பீட்டை நம்பலாம்.

அடிப்படை முகவரிகள், குக்கி டொமைன், தேடல் சர்வரின் பெயர், பணம் செலுத்தும் சேவையின் சோதனை முறை ஆகியவை வேறுபடுவது இயல்பு. அவற்றைக் கடந்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒப்பிட எடுத்த கோப்புகளைப் பப் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அது வலைக்குத் திறந்திருக்கும் கோப்புறை. பெயரை ஊகிக்க முடிந்த எவரும் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம்.